முன்னே செல்வது யார்?

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று நான்கு பக்கம் நீண்டிருந்தது. மதுரையை அடுத்த ஒரு பங்கைச் சேர்ந்த தாய் எழுதியிருக்கிறார். கணவரை இழந்தவர், ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவர். மகனுக்குத் திருமணம் நடந்து ஒன்றரை ஆண்டு நிறைந்துவிட்டது. மகனும் மருமகளும் பணிக்குச் செல்கிறவர்கள். இவ்விருவரும் வருகிற தை மாதத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை மிதிவண்டியிலேயே செல்லத் தீர்மானித்திருக்கிறார்களாம். “பேருந்து இல்லையா, இரயில் இல்லையா? கடன்பட்டு வாங்கிய மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் நிற்கவில்லையா? இந்த வேண்டாத வேலை எதற்கு?” என்று கேட்கிறார் அந்த அம்மையார்.

அவர் அடுக்கும் காரணங்கள் பல. நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கின்றன என்பது ஒன்று. இன்னும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. நெடுந்தூரம் மிதிவண்டி மிதித்தால் கருப்பைக்குக் கேடு என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள் என்பது மற்றொன்று. கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய எழுத்தில் வேறொரு செய்தி இருந்தது. இந்த யோசனை மருமகளுடையதாம். அந்தப் பெண் பள்ளி நாளிலிருந்தே மிதிவண்டியில் பழகியவள். மகனோ அண்மையில்தான் ஓட்டப் பழகினான். “ஆகவே அவள் முன்னே போவாள், என் மகன் பின்னே போவான். வழியெல்லாம் நாலு பேர் பார்ப்பார்களே, ஐயா!” என்று முடித்திருக்கிறார்.

நான்கு பக்கமும் இந்த ஒரு வரிக்காகவே எழுதப்பட்டன என்று எமக்குத் தோன்றுகிறது. தாயார் பொறுத்தருள்க. அதைப் பற்றிப் பேசுமுன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். தங்கள் மகனும் மருமகளும் இக்காரியத்தில் முதல்வர்கள் அல்லர் என்பது அதனால் விளங்கும்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்னும் மருத்துவர் இருந்தார். 1882-ஆம் ஆண்டில் அவர் ஃபேனி புல்லக் என்ற பெண்மணியை மணந்தார். ஃபேனி அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநருடைய மகள். கணவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். 1884-இல் ரேச்சல் என்ற பெண் குழந்தை பிறந்தது. 1889-இல் உடல்நலக் குறைவினால் வில்லியம் மருத்துவத் தொழிலை விட்டார். குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஆண்டு பிறந்த மகன் சீக்ஃப்ரீட், 1893-இல் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் கண்டு இறந்துபோனான்.

அக்காலத்தில்தான் ஐரோப்பா எங்கும் மிதிவண்டி பரவிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் சாண் உயரமுமாக இருந்த பழைய வண்டியில் ஏறுவதே ஒரு வித்தை. பெண்கள் அதனை நினைத்தும் பார்க்க முடியாது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாய், பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும்படியாய் அமைந்த ரோவர் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் சிறு மகனின் வண்டி கற்சாலையில் குலுங்காமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டுத் திண்ணையோரம் சாய்ந்து நிற்கும் வண்டி இவ்விரண்டு புதுமைகளின் பேரப்பிள்ளையே.

வொர்க்மன் தம்பதியர் முதலில் சுவிட்சர்லாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் சுற்றினர். பிறகு அல்ஜீரியா சென்றனர். 1895-இல் ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல் சென்றனர். ஆளுக்கு 20 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 கிலோ மூட்டையுடன் நாளொன்றுக்குச் சராசரி 45 மைல் போனார்கள். சில நாள்களில் 80 மைல் வரை மிதித்தார்கள். 45 மைல் என்பது 72 கிலோமீட்டர். மதுரைக்கும் குமரிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 245 கிலோமீட்டரை நான்கால் வகுத்தால் அறுபத்தொன்று வருகிறது என்பதைத் தாயார் இங்கே நினைவிற்கொள்க.

1897-ஆம் ஆண்டில் அவர்கள் நம் பக்கம் வந்தனர். இந்தியாவின் தென்கோடி தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரையிலும், இலங்கை, பர்மா, ஜாவா ஆகிய இடங்களிலும் சுமார் இரண்டரை ஆண்டு பயணம் செய்தார்கள். அதைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1904-இல் வெளிவந்தது. மிதிவண்டியில் 14,000 மைல் என்று அதன் துணைத்தலைப்பு கூறுகிறது. நம் கணக்கில் 22,500 கிலோமீட்டர்! ஃபேனி அம்மையார் அந்நாளைய வழக்கப்படி நீண்ட பாவாடை உடுத்தியே வண்டி மிதித்தார். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, தகரத்தில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருள், மருந்து, வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே சுமை. தங்கியதோ எலிகள் ஓடித்திரிந்த விடுதிகளில். கொசுக்கூட்டமும் உடன் இருந்தது. உணவும் நீரும் கிடைக்காத நாள்களும் உண்டு.

இவை எல்லாவற்றினும் எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி வேறு. சில நாள்களில் அவர்கள் வண்டிகளில் நாற்பது பஞ்சர் வரை ஆயினவாம். பஞ்சர் ஒட்டியவர்களுக்கே இதன் பொருள் தெரியும். வண்டியைக் கவிழ்த்து வைத்து, டயரை நெம்பி, டியூபை வெளியே உருவி, காற்றடித்து நீரில் அமிழ்த்திக் குமிழி கிளம்பும் இடத்தைக் கண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்திருந்து, ஒட்டை அழுத்தி, மீண்டும் எல்லாவற்றையும் பூட்டிக் காற்றடிக்க வேண்டும். கை தேர்ந்தவருக்கும் பத்து நிமிடம் ஆகும். நாற்பதுக்கு நானூறு நிமிடம். ஏறத்தாழ ஏழு மணி நேரம். வெயிலில், நிழலற்ற சாலையோரத்தில், கருவேல முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டு கணவனும் மனைவியும் ஏழு மணி நேரம் ஒரே வேலையைச் செய்வதை எண்ணிப் பாருங்கள். “நீதான் முள்மேல் ஏற்றினாய்” என்று ஒருவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அன்றைய பயணம் அத்துடன் முடிந்தது. அவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டார்களோ இல்லையோ, மறுநாளும் வண்டியில் ஏறினார்கள் என்பது உறுதி.

அவர்களைப் புனிதர்களாக்கிக் காட்டுவது எம் நோக்கமன்று. செல்வக் குடியில் பிறந்தவர்கள். பிழைப்புக்கு உழைக்கும் தேவை இல்லாதவர்கள். 1896-97-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்திலிருந்து இந்நாடு அப்போதுதான் தலைதூக்கியிருந்தது. பம்பாய்ப் பகுதியில் கொள்ளைநோய் வேறு. அவர்களோ பழங்காலக் கட்டடங்களின் அழகில் ஆழ்ந்த அளவுக்கு, அக்கட்டடங்களின் நிழலில் வாழ்ந்த மக்களின்பால் மனத்தைச் செலுத்தவில்லை. சுமைகூலிகளையும் பணியாளரையும் பற்றி அவர்கள் எழுதியவற்றை இன்று படிக்கும் இந்தியர் முகம் சுளிப்பர். சுளிப்பது நியாயமே. இன்னொன்றும் உண்டு. அவர்கள் நாடு நாடாய்த் திரிந்த காலமெல்லாம் மகள் ரேச்சல் தாதியரிடத்தும் பள்ளி விடுதியிலும் வளர்ந்தாள். பின்னாளில் அப்பெண் நிலவியல் கற்று, கான்பூரில் ஆலைத்தொழில் நடத்திய மக்ராபர்ட் என்பவரை மணந்தார். அவருடைய புதல்வர் மூவருமே வானூர்தியால் மாண்டனர். மூத்தவர் 1938-இல் விபத்தில் இறந்தார். மற்ற இருவரும் 1941-ஆம் ஆண்டில், ஒன்றரை மாதத்துக்குள், பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றும்போது இறந்தனர். அத்தாய் 25,000 பவுண்டு கொடுத்து ஒரு போர் விமானம் வாங்கச் செய்தார் என்பது வரலாறு. பெற்றோர் மிதிவண்டியில் சென்ற தூரத்தை எண்ணும்போது, விடுதிச் சன்னலருகே மடலுக்காகக் காத்திருந்த அச்சிறுமியும் எம் நினைவில் வராமல் போவதில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் ஊர்சுற்றுவதை இப்பகுதி ஒருபோதும் பரிந்துரைக்காது. நான்கு நாள் என்பது வேறு காரியம்.

ஆயினும் இத்தம்பதியரிடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அதைத்தான் தாயாருக்குச் சொல்ல விரும்பினோம். மிதிவண்டிப் பயணத்துக்குப் பின் அவர்கள் இமயத்திலும் காரகோரத்திலும் மலைப்பயணங்களை மேற்கொண்டார்கள். ஒரு பயணத்தை ஒருவர் தலைமை தாங்கி நடத்துவார். மற்றவர் ஆள், உணவு, மூட்டை முதலிய ஏற்பாடுகளைக் கவனிப்பார். அடுத்ததில் பொறுப்பு மாறிவிடும். 1912-இல் சியாச்சென் பனியாற்றுப் பயணத்துக்குத் தலைமை ஏற்றவர் ஃபேனி அம்மையார்தாம். அவருக்கு அப்போது 53 வயது, கணவருக்கு 65. பெண்களுக்கு வாக்குரிமை கோரும் இதழொன்றை ஏந்தியவராய் அம்மையார் அப்பனிமலைமீது எடுத்துக்கொண்ட நிழற்படம் இன்றும் இருக்கிறது. கணவர் அதனால் குறைந்துபோகவில்லை. உடல்நலம் இல்லை என்று நாற்பத்திரண்டாம் வயதில் தொழிலை விட்ட அந்த மனிதர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்! அம்மையார் 1925-இல் பிரான்சு நாட்டில் காலமானார். வூஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே நினைவுக்கல்தான்.

இனி, முன்னே செல்வது யார் என்ற கேள்விக்கு வருவோம்.

சாலை இதற்குத் தனியொரு விடை வைத்திருக்கிறது. இருவர் நெடுந்தூரம் மிதிவண்டியில் செல்லும்போது, காற்றில்லாத நல்ல பாதையில் மெதுவாகச் செல்பவரே முன்னே போகவேண்டும். விரைபவர் முன்னே போனால் மற்றவர் பின்தங்குவார். பின்தங்கியவர் எட்டிப்பிடிக்க மூச்சிரைக்க மிதிப்பார். பிடித்த வேளையில் முன்னவர் இளைப்பாறி முடித்துப் புறப்பட ஆயத்தமாய் நிற்பார். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. ஆனால் எதிர்க்காற்று வீசும்போது முறை மாறுகிறது. வலுவுள்ளவர் முன்னே போய்க் காற்றைத் தம் உடலால் கிழித்துக்கொடுக்க, மற்றவர் அவர் முதுகுக்குப் பின் ஒண்டி வருவார். பின்னவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அப்போதும் முன்சக்கரம் பின்சக்கரத்தைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். இறக்கத்தில் அந்த இடைவெளி இன்னும் பெருகவேண்டும். ஆகவே ஒரே நாளில் மகன் பத்து முறை முன்னே போவான். மருமகளும் பத்து முறை முன்னே போவாள். பார்க்கும் நாலு பேர் எந்த வேளையில் பார்க்கிறார்களோ, அதற்கேற்பப் பேசிக்கொள்ளட்டும்.

ஒரே வண்டியில் இருவர் அமர்ந்து மிதிக்கும் வகையும் உண்டு. ஜோசப் பென்னல் என்ற ஓவியரும் அவர் மனைவி எலிசபெத்தும் 1884-இல் திருமணம் முடித்த கையோடு, இருவர் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் இலண்டனிலிருந்து காண்டர்பரிக்குச் சென்றார்கள். பழைய திருப்பயணிகள் சென்ற வழி அது. அதே ஆண்டில் ஃபிளாரன்சிலிருந்து உரோமைக்கும் சென்றனர். மனைவி எழுதுவார், கணவர் படம் வரைவார், அப்படியே நூல்களாயின. எலிசபெத் அம்மையார் திருஇருதயக் கன்னியர் நடத்திய பள்ளியில் கற்றவர் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறோம். இன்றைய இரட்டை மிதிவண்டியில் முன்னே இருப்பவர் கையில் ஹேண்டில்பாரும் பிரேக்கும் இருக்கும். பின்னே இருப்பவருக்கு முன்னவரின் முதுகுதான் தெரியும். பள்ளம் வருவதும் மேடு வருவதும் தெரியா. முன்னவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: “பள்ளம்”, “நிறுத்துகிறேன்”, “இப்போது மிதி” என்று. சொல்லாமல் போகிறவரோடு பின்னால் அமர்ந்து ஐந்து கிலோமீட்டர்கூடப் போக இயலாது. இரண்டு தனி வண்டிகளில் போவது இவ்வகையில் எளிது. ஆயினும் முன்னே போகிறவர் பின்னே வருகிறவருக்குக் கண்ணாக இருக்கவேண்டிய கடமை அங்கும் உண்டு.

கருப்பையைப் பற்றிய அச்சம் இன்று நேற்று வந்ததன்று. 1890-களில் மேனாட்டு மருத்துவர்கள் சிலரே இப்படி எழுதினார்கள். மிதிவண்டி ஓட்டும் பெண்ணுக்கு முகமே விகாரமாகி இறுகிப்போகும் என்றுகூட ஓர் ‘மிதிவண்டி முக நோய்’ கற்பிக்கப்பட்டது. நோய் வந்ததாகத்தான் தெரியவில்லை. நம் நாட்டு வயல்களில் நாற்று நட்ட பெண்களும், தலைச்சுமையுடன் காத தூரம் நடந்த பெண்களும் பிள்ளை பெறாமலா போனார்கள்? மிதமாக மிதிப்பதால் கரு உண்டாவது தடைப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கரு உண்டாகியிருந்தால் காரியம் வேறு, விழுந்தால் ஆபத்து. புறப்படுமுன் அந்த ஐயம் இருக்குமாயின் மருத்துவரைக் கலந்துகொண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. இதை மருமகளிடம் தனியே, தாய் மகளிடம் பேசுவதுபோல் பேசலாம். பக்கத்து வீட்டாரை முன்வைத்துப் பேசலாகாது. தொட்டில் ஆடாத வீட்டில் மாமியாரைக் காட்டிலும் அதிகமாய் நொந்திருப்பவள் மருமகளே. “விசேஷம் ஏதும் இல்லையா?” என்ற கேள்வியிலிருந்து நான்கு நாளாவது விலகியிருக்கலாம் என்று அவள் எண்ணியிருந்தால் அதை எம்மால் குறைகூற முடியவில்லை.

பெண் மிதிவண்டி ஓட்டுவது ஊருக்குப் புதிதா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்துடன் மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பித்தபோது, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் அதைக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்ணும் களையெடுக்கும் பெண்ணும் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அன்று ஏளனம் செய்தவர்களின் பேத்தியர் இன்று அரசு கொடுத்த மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறார்கள். தங்கள் மருமகளும் அப்படிப் பழகியவளாகவே இருக்கக்கூடும்.

லாரிகளைப் பற்றிய அச்சத்தை மட்டும் எம்மால் நீக்க இயலாது. அது மெய்யான அச்சம். ஆதலால் அவ்விளம் தம்பதியருக்குச் சில சொற்கள். தாயார் இதனைப் படித்துக் காட்டுக.

தை மாதத்தைத் தேர்ந்தது நன்று. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிராது, வாடைக்காற்று தெற்கு நோக்கிப் போகிறவரின் முதுகில் தட்டிக்கொடுக்கும். ஆடியில் போயிருந்தால் வள்ளியூருக்கு அப்பால் அழுதிருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வீசும் இடம் அது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனாலேயே. தெற்கே செல்பவருக்கு அக்காற்று வலப்புறமிருந்து மோதும். ஒரு பெரிய லாரி வலப்பக்கம் கடக்கும்போது சட்டென்று காற்று நின்றுபோகும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த வண்டி அந்த நொடியில் லாரியை நோக்கி இழுபடும். லாரி கடந்ததும் மறுபடி மோதி ஓரத்துக்குத் தள்ளும். தை மாதமானாலும் அந்த இடத்தில் கைப்பிடியை இறுகப் பற்றி, ஒருவர் பின் ஒருவராகவே செல்க. பக்கம் பக்கமாய்ப் பேசிக்கொண்டு போவதற்கு அது இடமன்று.

விடியுமுன் எழுந்து, கிழக்கு வெளுத்ததும் புறப்படவேண்டும். இருளில் ஓட்டவே கூடாது. முதல் ஒரு மணி நேரத்தில் பேச்சே இராது. கால்கள் தாளத்துக்கு வரும் வரை அப்படித்தான். எட்டு மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பசித்தபின் உண்பதும் தாகித்தபின் குடிப்பதும் மிதிவண்டிப் பயணத்தில் காலங்கடந்த காரியங்கள். வேர்வையோடு உப்பும் போய்விடுவதால் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்ளும். உப்பிட்ட மோர் கிடைக்குமிடத்தில் விடாதீர்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிப் பையில் போட்டுக்கொள்க. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அதைவிட மிதிவண்டிக்காரனுக்கு ஏற்ற உணவு எந்தக் கடையிலும் இல்லை. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தையில் அந்தப் பக்கம் பனங்கிழங்கும் அவித்து விற்பார்கள்.

பதினொரு மணிக்கு நிழல் தேடி ஒதுங்கி மூன்று மணி வரை படுத்திருங்கள். பிறகு மீண்டும் வண்டியில் ஏறும் வேளைதான் சோதனை வேளை. உச்சி வெயிலிலும் தோன்றாத கசப்பு, பிற்பகல் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தோன்றும். முதுகு வலிக்கும், இருக்கை உறுத்தும், இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும். “நான் அப்போதே சொன்னேன்” என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அது வந்து நிற்கும்போது வண்டியை நிறுத்தி ஒரு வாழைப்பழம் உண்க. நாங்கள் கண்ட அளவில், குடும்பச் சண்டைகளில் பாதி பசியினாலும் களைப்பினாலும் வருவன. பசி தீர்ந்தபின் அவற்றின் காரணமே மறந்துபோகும். மீதிப் பாதியைப் பற்றி வேறொரு மாதத்தில் எழுதுவோம்.

துப்பட்டாவை மூட்டைக்குள் வைத்துவிடுக; அது சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கழுத்தை இறுக்கும். தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ சட்டை நன்று. நான்கு வழிச் சாலையில் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறமே செல்க. சேவைச் சாலை இருக்குமிடமெல்லாம் அதில் இறங்கிவிடுக. ஞாயிறு குறுக்கிட்டால் திருப்பலி நேரத்தை முதல் நாளே அவ்வூரில் கேட்டுக்கொள்க. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய பழைய பங்கு அது. நெடுஞ்சாலையை விட்டு விலகி, நிழலோடு போய்வரலாம். நான்காம் நாள் நேரம் இருந்தால் காவல்கிணற்றுப் பக்கம் வடக்கன்குளமும் உண்டு. 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர்.

தாயார் தனியே இருக்கும் அந்த நான்கு இரவுகளுக்குப் பெரியம்மாவையோ அத்தையையோ வீட்டுக்கு அழைத்து வைத்துவிட்டுப் போங்கள். பயணத்தின் செலவுக் கணக்கில் இது முதல் வரியாக இருக்கட்டும். நண்பகலில் ஒருமுறை, இருட்டுமுன் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்; பேசுகிறவன் மகனாக மட்டும் இராமல், ஒரு வேளை மருமகளும் “அத்தை, இன்று இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்” என்று சொல்லட்டும்.

புறப்படுமுன் இருவரும் ஒரு ஞாயிறு மாலை வாசலில் வண்டியைக் கவிழ்த்துப் பஞ்சர் ஒட்டிப் பழகுங்கள். மருமகளுக்குத் தெரிந்திருக்கும், மகனும் கற்கவேண்டும். தாயார் அருகே அமர்ந்து, வாளித் தண்ணீரில் குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துச் சொல்லலாம். ஒட்டும் சொல்யூஷன் குழாய் திறந்து நாளானால் உள்ளே காய்ந்துவிடும்; ஆகையால் புதிதாக இரண்டு வாங்கி, ஆளுக்கொன்றாய்த் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்க. மாற்று டியூபும் அப்படியே. காற்றடிக்கும் பம்பு ஒன்று போதும். அது எப்போதும் பின்னே வருகிறவர் வண்டியில் இருக்கட்டும்.